கண்ணாடிக்குள் ஒரு கடல்



சென்ற மே மாதத்தில் ஒருநாள், மயிலாப்பூரில் உள்ள என் தமக்கையின் இல்லத்துக்குச் சென்றிருந்தேன். கல்லூரியில் விலங்கியல் பயிலும் அவள் மகன், கூடத்தில் வைத்திருந்த சிறிய கடல்நீர்த் தொட்டியின் முன் வாட்டமுற்று நின்றுகொண்டிருந்தான். "மாமா, போன வாரம் பழுப்பு நிறமாக இருந்த பவளம் இப்போது சுண்ணாம்பு போல் வெளுத்துவிட்டது. விளக்கு போதவில்லையா?" என்று கேட்டான். தொட்டியில் வெப்பமானியை இட்டுப் பார்த்தேன். 32 டிகிரி காட்டிற்று. அன்று அவனுக்குச் சொன்ன விடையைச் சற்று விரித்து இன்று உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

பவளம் என்பது செடியன்று, கல்லுமன்று. கடல் சாமந்திக்கு உறவான சிற்றுயிர்கள் ஆயிரக்கணக்கில் கூடி, சுண்ணாம்பினால் தமக்குக் கூடு கட்டிக்கொண்டு வாழும் குடியிருப்பு அது. அவற்றின் உடலுக்குள் ஸூஸாந்தெல்லா எனப்படும் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. பாசிகள் ஒளியைக் கொண்டு உணவு சமைக்கின்றன. அதில் பெரும்பகுதியைப் பவளத்துக்கு வாடகையாகச் செலுத்துகின்றன. பவளத்தின் பழுப்பு நிறம் பெரும்பாலும் இப்பாசிகளின் நிறமே. நீர் 30 டிகிரிக்கு மேல் பல நாட்கள் காய்ந்தால் இக்கூட்டுறவு முறிந்துபோகிறது. பவளம் பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளுத்து நிற்கிறது. வெளுத்தது உடனே இறந்துவிடுவதில்லை. நீர் விரைவில் குளிர்ந்தால் பிழைக்கலாம், தாமதித்தால் பட்டினியால் மடியும்.

ஆகவே விளக்கைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு விஷயங்களை நினைவிற் கொள்ள வேண்டும். கடல்நீர் சிவப்பொளியை முதலிலேயே விழுங்கிவிடும். நீல ஒளியே ஆழத்துக்குச் செல்லும். பவளப் பாசிகள் அந்த நீல ஒளிக்குப் பழகியவை. எனவே நீலமும் வெண்மையும் கலந்த எல்.இ.டி. விளக்கு ஏற்றது, பழைய உலோக ஆவி விளக்குகளைப் போல் அது நீரை மிகுதியாகச் சூடேற்றுவதுமில்லை. நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரம் போதும். புதிதாக வாங்கிய விளக்கை முதல் நாளே முழு வலிவுடன் எரிக்கலாகாது. சில வாரங்களில் படிப்படியாகக் கூட்ட வேண்டும். 'சூரிய ஒளி இலவசம்தானே' என்று தொட்டியைச் சன்னலருகே வைப்போரும் உண்டு. நமது ஊர் வெயிலில் அவர்களுக்குக் கிடைப்பவை பச்சைப் பாசியும் வெந்நீருமே.

வெப்பத்தைத் தணிக்க எளிய வழி, நீர்ப்பரப்பின் மீது சிறு மின்விசிறி வைப்பது. நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துச் செல்லும். இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. குறைந்த அளவை உப்பில்லாத தூய நீரால் நிரப்ப வேண்டும். நான் முதன்முதலில் தொட்டி வைத்தபோது இதை அறியாமல் நாள்தோறும் உப்புநீரையே ஊற்றி வந்தேன். ஒரு திங்களில் அத்தனை இறால்களும் மாண்டன.

இனி நீர். அடையாறு முகத்துவாரத்துக்கு அருகே, எலியட்ஸ் கடற்கரையில் குடத்தால் நீர் மொண்டு வரலாமே என்று தோன்றும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆற்றுநீர் கலந்து அங்கே உப்பு குறைகிறது. நகரத்துக் கழிவும் சேறும் உடன் வருகின்றன. கூவமும் அடையாறும் சேற்றைக் கொண்டுவந்து சேர்க்கும் இக்கரையோரம் மணற்பாங்கானது. தெளிந்த நீரும் பற்றிக்கொள்ள உறுதியான தரையும் வேண்டும் பவளப்பாறை இங்கு வளராததற்கு அதுவும் ஒரு காரணம். ஆதலால் வீட்டிலுள்ள ஆர்.ஓ. கருவியின் நீரில் கடலுப்புக் கலவையைக் கரைப்பதே நலம். லிட்டருக்குச் சுமார் 35 கிராம். 60 லிட்டர் தொட்டிக்கு இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். அடர்த்திமானியில் 1.025 என்ற அளவு காட்ட வேண்டும். சமையல் உப்பு இதற்கு உதவாது. கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் அதில் போதிய அளவு இல்லை.

நீர் நிரப்பிய அன்றே உயிர்களை விடலாகாது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு தோன்றும். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும். இவை பெருகுவதற்கு நாலைந்து வாரங்கள் ஆகும். தொட்டிக்காரனுக்கு வேண்டிய முதற் குணம் பொறுமை. பின்னர் வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றி வந்தால் நைட்ரேட்டும் அடங்கியிருக்கும்.

அதன்பின் துப்புரவுப் பணியாளர்களை நியமிக்கலாம். சிறு கடல் நத்தைகள் கண்ணாடியில் படியும் பாசியை மேயும். காலிச் சங்கில் குடியேறி வாழும் சிறிய துறவி நண்டு, உண்ணாமல் விட்ட இரையைப் பொறுக்கும். அது வளருந்தோறும் பெரிய காலிச் சங்குகளை இட்டு வைக்காவிட்டால், நத்தையைக் கொன்று அதன் வீட்டைப் பறிக்கும். துப்புரவு இறால் மீனின் உடலில் ஒட்டியுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்னும். 60 லிட்டருக்கு நாலைந்து நத்தையும் ஓரிரு நண்டும் ஓர் இறாலும் போதும்; மிகுந்தால் பசியால் மடிந்து, அவையே அழுக்காகும். மணலைத் துப்புரவு செய்வதில் வல்லது கடல் அட்டை. ஆனால் 2001ஆம் ஆண்டு முதல் அதைப் பிடிப்பதும் விற்பதும் நம் நாட்டில் குற்றம்.

இங்குதான் பவளத்தின் கதைக்கு வருகிறோம். பாறை கட்டும் பவளங்கள் யாவும், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி முதலியனவும் அதே 2001ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்குரிய காவல் பவளத்துக்கும் கிடைத்தது. அலங்காரத்துக்கென விற்கும் வெள்ளைப் பவளக் கல்லுக்கும், 'உயிர்க்கல்' என்ற பெயரில் வரும் பவளத் துண்டுக்கும் இது பொருந்தும்.

இச்சட்டம் ஏன் வந்தது? மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை 21 தீவுகள் இருந்தன. அவற்றைச் சூழ்ந்த பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்த அரண் அழிந்தது; இரண்டு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. 1986இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. அப்படியும் 1998, 2010, 2016ஆம் ஆண்டுகளில் கடல் சூடேறி, என் மருமகனின் தொட்டியில் நேர்ந்ததே அங்கே பரந்த அளவில் நேர்ந்தது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, "அந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று விற்றவரைக் கேட்டாயா?" என்றேன். அவன் தலை குனிந்தான். அவன் கேட்கவில்லை, நானும் என் இளமையில் கேட்டதில்லை.

அப்படியானால் கடல்நீர்த் தொட்டியே கூடாதா என்பீர்கள். கூடும். சுட்ட மண்ணாலான துளைக்கற்களை அடுக்கி, பாக்டீரியாவுக்கு இடம் தரலாம். மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் உள்ள கடலாராய்ச்சி நிலையங்கள் கோமாளி மீனைச் செயற்கையாக இனப்பெருக்கும் முறைகளைக் கண்டுள்ளன. அவ்வாறு பண்ணையில் பிறந்த மீனைக் கேட்டு வாங்கலாம். கல்லாகாத மென்பவளங்களையும் காளான் பவளங்களையும் விரும்புவோர், அவை வளர்ப்பில் தோன்றியவை என்பதற்குச் சான்று கேட்க வேண்டும், சான்றில்லையேல் வாங்கலாகாது. பொத்தான் போன்ற ஸோவாந்திட் வகைகள் சிலவற்றில் பாலிடாக்ஸின் எனும் கொடிய நஞ்சு உண்டு. கையுறையும் கண்ணாடியும் இன்றி அவற்றைத் தொடாதீர்கள். அவை ஒட்டிய கல்லை ஒருபோதும் வெந்நீரில் இடாதீர்கள்.

நம் நகரத்துக்கு இந்த ஆசை புதிதன்று. எழும்பூர் அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்து, மன்னார் வளைகுடாவின் கடலுயிர்களை ஆராய்ந்த எட்கர் தர்ஸ்டன் கொண்ட எண்ணத்தின் பயனாக, 1909இல் மெரினாவில் கடலுயிர்க் காட்சிச்சாலை ஒன்று திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது அது மூடப்பட்டது. கடற்கரைக்கு நாள்தோறும் செல்வோர்கூட, அலைக்கடியில் இருப்பதைக் கண்ணாடி வழியாகத்தான் முதலில் கண்டார்கள்.

என் மருமகனின் பவளம் பிழைக்கவில்லை. இப்போது அத்தொட்டியில் பண்ணையில் பிறந்த இரண்டு கோமாளி மீன்களும் நாலைந்து நத்தைகளும் ஓர் இறாலும் வாழ்கின்றன. விசிறி ஓடுகிறது, வெப்பம் 27 டிகிரி. வெளுத்த அந்தத் துண்டு இருந்த இடத்தை அவன் வெறுமையாகவே விட்டு வைத்திருக்கிறான்.