மாரிக்குப் பின் துளிர்க்கும் மரங்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மாரி மழை ஓய்ந்து தை மாதத்து வெயில் ஏறத் தொடங்கியதும், வீட்டு வளவிலுள்ள பழமரங்கள் புதிதாய்த் துளிர்க்கின்றன. துளிரைக் கண்டதும் மரம் செழிக்கின்றதென்று மகிழ்வோர் பலர். ஆயின் எல்லாத் துளிரும் பயன்தருவதன்று. அது மரத்தின் எப்பகுதியிலிருந்து வருகின்றதென்பதை முதலில் அறிதல் வேண்டும்.

ஒட்டு மா

கறுத்தக்கொழும்பான் போன்ற நல்லின மாவின் ஒட்டுக்கன்றில், ஒட்டிய இடத்துக்குக் கீழே அரும்பும் துளிர் ஒட்டுக்கட்டைக்கு உரியது. அதனை வளரவிட்டால், அது விரைந்து ஓங்கி, மேலுள்ள நல்லினக் கிளையை நலியச் செய்யும். இலையைக் கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறிதல் எளிதன்று. பல ஆண்டுகள் நீரூற்றி வளர்த்து, மரம் காய்த்த பின்னரே, தாம் நட்ட இனம் அழிந்துபோனதை வீட்டார் அறிவர். ஆகவே கீழ்த்துளிரை விரலாற் கிள்ளக்கூடிய இளம் பருவத்திலேயே அகற்றல் வேண்டும். முற்றியதாயின் கூரிய கத்தியினால் தண்டோடு ஒட்ட வெட்டுக.

துளிர்க்காத கன்றை உடனே பிடுங்கிவிடலாகாது. ஒட்டிய இடத்துக்கு மேலே பட்டையை நகத்தாற் சிறிது கீறிப் பார்க்குக. உள்ளே பச்சையாயிருப்பின் கன்றுக்கு உயிருண்டு, பொறுத்திருக்கலாம். மேற்பகுதி முழுவதும் காய்ந்து, கீழே மட்டும் துளிர்த்திருப்பின் ஒட்டு அழிந்துவிட்டது. வேறு கன்று நடுதல் நன்று.

வளர்ந்த மாமரத்தில் நுனியரும்பு ஒடுங்கிக் கூராயிருப்பின் பெரும்பாலும் இலைத்துளிராகும். தடித்து உருண்டிருப்பின் பூங்கொத்தாகும். செம்பு நிறமாய்த் துவண்டு தொங்கும் இளவிலை நோயின் குறியன்று. சில வாரங்களிற் பச்சையாகி நிமிரும். மா முற்றிய கிளையின் நுனியிலேயே பூப்பதால், இவ்வாண்டுத் துளிரைக் காத்தல் வரும் ஆண்டின் பூவைக் காத்தலாகும்.

தேசி

தேசியின் இளந்துளிரைப் பூச்சிகள் நாடிவரும். இலையில் வெள்ளிக்கோடு போல் வளைந்து செல்லும் தடம், இலையின் உட்புறத்தை அரித்துண்ணும் சிறு புழுவினால் உண்டாவது. பறவையெச்சம் போற் காணப்பட்டு, வளர்ந்தபின் பச்சை நிறமாகும் புழு, வண்ணத்துப்பூச்சியினுடையது. ஒன்றிரண்டு மரமுள்ள வளவுக்கு மருந்து வேண்டியதில்லை. சுரங்கமிட்ட இலைகள் சிலவாயின் கிள்ளி எரிக்கலாம். மற்றைப் புழுக்களைக் காலைதோறும் பொறுக்கி அழித்தல் போதும்.

ஈரங் காத்தல்

மாரியின் ஈரம் மண்ணில் உள்ளபோதே மரத்தடியில் உலர்ந்த சருகைப் பரப்புக. தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் வெறுமையாயிருத்தல் வேண்டும். துளிர் முற்றும்வரை வாரத்துக்கொருமுறை ஒவ்வொரு கன்றையும் அடியிலிருந்து நுனிவரை பார்த்துவருதல் நன்மை பயக்கும்.