வாப்பா விட்டுப்போன லேண்ட் ரோவர்: திருத்துவதா, விற்பதா?

மூதூரில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் போன வாரம் தொலைபேசியில் பேசினார். வழக்கமாக இந்தப் பகுதிக்கு வரும் அழைப்புகள் காசோலை திரும்பிய கதை, பங்காளி கணக்குக் காட்டாத கதை, கடனுக்குச் சாமான் எடுத்தவர் போனைத் தூக்காத கதை என்று இருக்கும். இவருடையது வேறு.

“காக்கா, கட்டைபறிச்சான் பக்கம் நம்மட நெல் ஸ்டோருக்குப் பின்னால ஒரு பழைய லேண்ட் ரோவர் கிடக்கு. வாப்பா ஓடினது. அவர் மௌத்தான பிறகு யாரும் தொடல்ல. இப்ப மகன் அதைச் செஞ்சி எடுத்துத் தரை வழியா லண்டன் வரைக்கும் போகணுமெண்டு ஒத்தக்கால்ல நிக்கிறான். கடைக்காசில கை வைக்கலாமா? இல்லாட்டி பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்திரட்டா?”

லண்டன் என்றதும் முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்த வாகனம் ஓடிய காலத்தில் மூதூரிலிருந்து திருகோணமலை நகருக்குப் போவதே ஒரு நெடும்பயணம். ஜெட்டியில் லோஞ்சுக்குக் காத்திருக்க வேண்டும், அல்லது வாகனத்தை ஒவ்வொரு துறையிலும் பாதையில் ஏற்றி இறக்க வேண்டும். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலமும், 2011இல் உப்பாறு, கங்கை, இறால்குழிப் பாலங்களும் திறக்கப்பட்ட பிறகே அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் மகனின் ஆசை அப்படியொன்றும் பைத்தியக்காரத்தனம் இல்லை. இதே இன வாகனம் ஒன்று அந்தத் தூரத்தை ஓடியிருக்கிறது. ஒருமுறை புதிதாக இருந்தபோதும், இன்னொருமுறை 64 வயதிலும்.

1955 செப்டம்பர் 1ஆம் திகதி ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள் லண்டன் ஹைட் பார்க் முனையிலிருந்து இரண்டு லேண்ட் ரோவர்களில் புறப்பட்டார்கள். கையில் காசில்லாத மாணவர்கள். லேண்ட் ரோவர் கம்பனியிடம் வாகனங்களையும், மற்றக் கம்பனிகளிடம் சாமான்களையும் கேட்டுப் பெற்றார்கள். அப்போது பிபிசியில் இளம் தயாரிப்பாளராக இருந்த டேவிட் அட்டன்பரோ படச்சுருள் கொடுத்து உதவினார். துருக்கி, ஈரான், பாகிஸ்தான், இந்தியா, பர்மா வழியாக 1956 மார்ச் 6ஆம் திகதி சிங்கப்பூரை அடைந்தார்கள். ஏறத்தாழ 18,000 மைல்.

நமக்கு முக்கியமானது அதற்குப் பிந்திய கதை. ‘கேம்பிரிட்ஜ்’ என்ற வாகனம் பிறகொரு பயணத்தில் ஈரானில் பள்ளத்தில் விழுந்து அழிந்தது. ‘ஒக்ஸ்போர்ட்’ பறவை ஆராய்ச்சிக்காரர்களோடு அட்லாண்டிக் சமுத்திரத்திலுள்ள அசென்ஷன் தீவுக்குப் போய், அங்கிருந்து சென் ஹெலினா தீவுக்குப் போய், உழைத்து ஓய்ந்து, கடற்காற்றில் துருவேறிக் கிடந்தது. அதை வெறும் பழைய இரும்பாகப் பார்க்காத ஒருவர் இருந்தார். அடம் பெனட் என்பவர் 2017இல் அதை இங்கிலாந்துக்கு மீட்டுக் கொண்டுவந்து திருத்தினார். 2019 ஓகஸ்ட் 25ஆம் திகதி அதே வாகனம் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு டிசம்பர் 14ஆம் திகதி லண்டனை அடைந்தது. முதற்பயணத்தில் சென்ற டிம் ஸ்லெசர் எண்பதைத் தாண்டிய வயதில் மீண்டும் ஏற வந்து, சிங்கப்பூரில் உடல்நலம் குன்றியதால் அவரது இடத்தில் பேரன் போனார். ஆக, வாப்பா விட்ட வண்டியில் பிள்ளை போவது நடக்காத காரியமல்ல.

இனி நம்முடைய கணக்குக்கு வருவோம். வாசகரிடம் நான் முதலில் கேட்டது எஞ்சினைப் பற்றியல்ல; புத்தகம் எங்கே என்று கேட்டேன். பதிவுப் புத்தகம் யாருடைய பெயரில் இருக்கிறது? சேசி இலக்கம் அதோடு பொருந்துகிறதா? இலக்கம் பொருந்தாத வாகனத்துக்கு எவ்வளவு செலவழித்தாலும் அது பொலிஸ் நிலைய வாசலில் போய் நிற்கக்கூடிய சாமான். பல வருடங்களாக வருமான உத்தரவுப் பத்திரம் எடுக்கவில்லையென்றால் நிலுவை என்ன என்பதைப் பிரதேச செயலகத்திலும், எஞ்சின் மாற்றவோ நிறம் மாற்றவோ என்ன செய்ய வேண்டும் என்பதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

இதைவிடப் பெரிய விடயம் ஒன்று உண்டு. வாப்பாவின் வாகனம் என்றால் அது வாரிசுகள் எல்லாருக்கும் உரியது. இவருக்கு இரண்டு ராத்தாமாரும் ஒரு தம்பியும் இருக்கிறார்கள். துருப்பிடித்துக் கிடக்கும்போது யாரும் பங்கு கேட்க மாட்டார்கள். பெயிண்ட் அடித்து வாசலில் நிறுத்தியதும், மச்சான்மார் விலை விசாரிக்கத் தொடங்கியதும் கதை வேறாகிவிடும். ஆகவே இப்போதே, அது கிடக்கிற கோலத்துக்கு ஒரு விலை போட்டு, பங்கைப் பேசி, கடதாசியில் எழுதி முடித்துவிடுங்கள் என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அந்த யோசனை அவருக்கு வந்திருக்கவில்லை போலும்.

அடுத்தது சேசி. லேண்ட் ரோவர் 1948இல் வந்தபோது போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் உருக்குத் தட்டுப்பாடு. அதனால் உடம்பை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். இதுதான் வாங்குபவர்களை இன்றுவரை ஏமாற்றுகிறது. வெளியே பார்த்தால் துருவே தெரியாது. ‘உடம்பு நல்லம்’ என்று சொல்லிவிடுவார்கள். கீழேயுள்ள சேசி உருக்கு. பெட்டி வடிவில் அடைத்துச் செய்தது, உள்ளிருந்தே அரிக்கும். நமது கொட்டியாரக்குடாக் கரையோரத்தின் உப்புக்காற்றில் கேட்கவே வேண்டாம். ஒரு சின்னச் சுத்தியலை எடுத்து முன்னாலிருந்து பின்னால் வரை தட்டிக்கொண்டு போங்கள். நல்ல உருக்கு கணீரென்று கேட்கும், உளுத்தது மொத்தென்று கேட்கும். பின் குறுக்குத்தண்டு, ஸ்பிரிங் பூட்டும் இடங்கள், பக்கத்துக் கைகள் ஆகியவையே முதலில் போகும். அலுமினியமும் உருக்கும் ஒட்டும் இடங்களிலும் அரிப்பு இருக்கும். இந்தப் பரிசோதனைக்குச் செலவு எதுவும் இல்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு ஜீப்பை வாங்கி, முதல் வேலையாக டிங்கரிங்கும் பெயிண்டும் செய்தேன். பளபளப்பைப் பார்த்து ஊரே பாராட்டியது. ஹபரணையைத் தாண்டும்போது பின் ஸ்பிரிங் பூட்டு சேசியிலிருந்து கழன்று வந்தது. அதை வெல்டிங் செய்ய உடம்பைக் கழற்ற வேண்டியிருந்தது. கழற்றியதில் பெயிண்டும் போயிற்று. ஒரே வேலைக்கு இரண்டு தடவை காசு. யாரையும் குறை சொல்வதற்கில்லை. வரிசையைப் பிழையாகப் பிடித்தவன் நான்தான்.

சேசி தேறினால் அடுத்தது நிறுத்துகிற சாமான்கள். ஓடவைக்கிற சாமான்களுக்கு அதற்குப் பிறகுதான் இடம். பிரேக் குழாய்கள், சிலிண்டர் ரப்பர்கள் எல்லாவற்றையும் மாற்றுங்கள். பழையதில் ஒன்றையும் ‘இது இன்னும் தாங்கும்’ என்று வைக்க வேண்டாம். சில்லு பெயாரிங், ரேடியேட்டர், வயரிங் அதன் பின். வயரிங்கில் ஒரு கவனம்: அந்தக் காலத்து லேண்ட் ரோவர்களில் பெட்டறியின் பொசிட்டிவ் முனைதான் உடம்போடு பூட்டப்பட்டிருக்கும். இன்றைய பழக்கத்தில் மாறிப் பூட்டினால் சாமான் எரியும். பின் அச்சின் ஹாஃப் ஷாஃப்ட் இந்த இனத்தின் பலவீனமான இடம். பாரம் ஏற்றிக் கரடுமுரடான பாதையில் போகிறவர் மேலதிகமாக ஒன்றை வண்டியில் வைத்திருப்பார். ஹாட்வெயார் கடைக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை, என்றாலும் சொல்கிறேன்: முதல் சீரீஸ் வண்டிகளின் ஆணிகளில் பெரும்பாலானவை பழைய பிரித்தானிய மறை. மில்லிமீற்றர் சாவி போட்டால் தலை உருண்டுவிடும். அந்தப் பழைய சாவிக்கட்டு அவரது கடையின் கீழ்த் தட்டில் விற்காமல் கிடந்தாலும் கிடக்கும்.

எஞ்சின் விடயத்தில் ஆளுக்கொரு கருத்து. இலங்கையில் பழைய லேண்ட் ரோவர்கள் பலவற்றில் ஜப்பான் டீசல் எஞ்சின் ஏறியிருக்கிறது. பஞ்சிகாவத்தையில் சாமான் கிடைக்கும், எந்த ஊர் பாஸும் கை வைப்பார், எண்ணெயும் குறைவாகக் குடிக்கும். வயலுக்கும் கடைக்கும் ஓட வேண்டுமென்றால் நானும் அதையே சொல்வேன். ஆனால் இந்த வாகனத்தில் முதல் எஞ்சின் இன்னும் இருக்கிறதென்றால் கழற்றி எறிவதற்கு நான் உடன்பட மாட்டேன். எஞ்சின் இலக்கமும் சேசி இலக்கமும் தொழிற்சாலையில் வந்தபடியே பொருந்தும் வண்டிக்குச் சேகரிப்பவர்களிடம் தனி விலை உண்டு. எண்ணெய்ச் செலவு என்று பயப்படுகிறவர் கணக்கைப் பார்க்கட்டும்: லீற்றருக்கு 7 கிலோமீற்றர் என்று வைத்தால், 1955இல் அவர்கள் போன ஏறத்தாழ 29,000 கிலோமீற்றருக்கு 4,100 லீற்றருக்கு மேல் பெற்றோல் வேண்டும். அது பெரிய தொகைதான். ஆனால் பழைய எஞ்சினா, புதிய எஞ்சினா என்பதால் வரும் வித்தியாசம், பயணத்தின் மற்றச் செலவுகளுக்கு முன்னால் சின்னது.

அந்த மற்றச் செலவுகளைத்தான் இளைஞர்கள் மறந்துவிடுகிறார்கள். முதலாவது, இலங்கையிலிருந்து தரை வழி என்பதே இல்லை. 2023 ஒக்டோபரில் தொடங்கிய காங்கேசன்துறை–நாகபட்டினம் கப்பல் பயணிகளுக்கு மட்டும். வாகனத்தைக் கொழும்பில் கொள்கலனில் ஏற்றி இந்தியத் துறைமுகம் ஒன்றில் இறக்க வேண்டும். இரண்டாவது, ‘கார்னே’ என்ற சுங்கப் பத்திரம். 1904இல் தொடங்கிய ஓட்டோமொபைல் அசோசியேஷன் ஒவ் சிலோன் இதை வழங்குகிறது. இந்தியா, நேபாளம், பாகிஸ்தான், ஈரான் போன்ற நாடுகளுக்குள் வரி கட்டாமல் வாகனத்தைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவர இது வேண்டும். இதற்கு உத்தரவாதத் தொகை கட்ட வேண்டும். வாகனம் குறித்த காலத்துக்குள் வெளியே வராவிட்டால் அந்தக் காசு போனதுதான். வியாபாரிகளுக்குப் புரிகிற பாஷையில் சொன்னால், அவ்வளவு காலமும் முடங்கிக் கிடக்கும் முதல்.

மூன்றாவது, எல்லைகள். 2019இல் ‘ஒக்ஸ்போர்ட்’ மியன்மார் வழியாக இந்தியாவுக்குள் வந்தது. 2021 பெப்ரவரியில் அங்கே இராணுவம் ஆட்சியைப் பிடித்த பின் அந்தப் பாதையை நம்பித் திட்டம் போட முடியாமல் போயிற்று. இந்திய–பாகிஸ்தான் அட்டாரி எல்லை 2025 ஏப்ரலில் மூடப்பட்டது. சீனாவுக்குள் போவதென்றால் அனுமதி பெற்ற வழிகாட்டி ஒருவரைக் கூடவே வைத்து, அவருக்கும் செலவு கொடுக்க வேண்டும். வண்டி தயாராக இருந்தும் வழி தயாராக இல்லாமல் போகலாம். ஆகவே மகன் முதலில் மட்டக்களப்பு, அறுகம்பை, எல்ல, நுவரெலியா என்று தீவுக்குள் ஓர் ஆயிரம் கிலோமீற்றர் ஓடிப் பார்க்கட்டும். ரேடியேட்டர் எப்படி என்பதை மலையேற்றம் சொல்லிவிடும். பிறகு இந்தியாவும் நேபாளமும். லண்டனைப் பிறகு பார்க்கலாம்.

கடைக்காசு விடயத்தில் மட்டும் என் பதில் நேரானது: தொட வேண்டாம். சாமான் வாங்கி விற்கும் முதலில் ஒரு ரூபா இந்த வண்டிக்குள் போனாலும் அது எப்போது திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. தனிக் கொப்பி போட்டு, மாதம் இவ்வளவு என்று வீட்டு இலாபத்திலிருந்து ஒதுக்கி, அந்த அளவுக்கு மட்டும் வேலை நடக்கட்டும். இரண்டு வருடம் எடுத்தால் எடுக்கட்டும். பாஸ் ஒரு மதிப்பீடு சொன்னால் அதில் பாதியைக் கூட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். பழைய வாகனத்தில் ஓர் ஆணியைக் கழற்றப் போய் மூன்று ஆணி உடைவது வழக்கம்.

அதற்காக இரும்புக்காரனுக்கும் கொடுக்க வேண்டாம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து வருடமும் ஓடுகிற எந்தப் பழைய வாகனத்துக்கும் விலை ஏறியதை எல்லாரும் கண்டோம். இப்போது திறந்திருந்தாலும், பாவித்த வாகனத்தை இறக்குவதற்கு வயதெல்லை இருக்கிறது. எழுபது வயது லேண்ட் ரோவரை யாரும் புதிதாகக் கப்பலில் கொண்டுவந்து இறக்கப்போவதில்லை. நாட்டில் இருப்பதுதான் இருப்பு. திருத்த முடியாது என்று தீர்மானித்தால்கூடப் புத்தகத்தோடும் இலக்கத்தோடும் அப்படியே சேகரிப்பவர் ஒருவருக்குக் கொடுங்கள். நிறைக்கு விற்காதீர்கள்.

நேற்று மாலை மீண்டும் பேசினார். புத்தகம் உம்மாவின் அலுமாரியில் இருந்ததாம், இன்னும் வாப்பாவின் பெயரில். ராத்தாமாரோடு வெள்ளிக்கிழமை பேசப் போகிறார். சேசியில் பின் குறுக்குத்தண்டு முழுசாகப் போய்விட்டது, மற்ற இடமெல்லாம் தட்டினால் கணீரென்று கேட்குது என்றார். மகன் ஸ்டோருக்குப் பின்னால் புல் வெட்டிக்கொண்டு நிற்கிறானாம்.