நலாக்சோன் தடுத்த ஆறுதல்

சென்ற வாரம் பார்த்த மெய்யியலாளர்கள் யு.டி. பிளேஸும் (1956) ஜே.ஜே.சி. ஸ்மார்ட்டும் (1959), மூளையால் வலி உண்டாகிறது என்று மட்டும் சொல்லி நிற்கவில்லை. அதை மறுப்பவர் அரிது. மின்னல் என்பது மின்பாய்ச்சலேதான், அதன் விளைவு அல்ல. அப்படியே வலியும் மூளையில் நடக்கும் நிகழ்ச்சியேதான் என்றார்கள். இந்தத் துணிச்சலான கூற்றுக்கு நல்ல சான்று மெய்யியல் வகுப்பறையில் அல்ல, பல் மருத்துவரின் நாற்காலியில் கிடைத்தது என்பேன். 1978-இல் ஜான் லெவீன், நியூட்டன் கோர்டன், ஹோவர்ட் ஃபீல்ட்ஸ் ஆகியோர், ஞானப்பல் பிடுங்கப்பட்டவர்களிடம் நடத்திய சோதனையை வெளியிட்டார்கள். மருந்தில்லாத மருந்துப்போலியைப் பெற்றவர்களில் சிலருக்கு, மருந்தாக இருக்கலாம் என்ற எதிர்பார்ப்பிலேயே வலி தணிந்தது. அவர்களுக்கே பிறகு நலாக்சோன் கொடுத்தபோது வலி கூடியது. அபினி வகை மருந்துகள் நரம்பணுவில் பற்றும் இடத்தை அடைத்துக்கொள்வதுதான் நலாக்சோனின் வேலை; ஹெராயினை அளவுமீறி எடுத்தவர்களைப் பிழைக்கவைக்கவும் அதையே கொடுக்கிறார்கள். ஒருவர் எதை நம்புகிறார் என்பது அதற்குத் தெரியாது. ஆனாலும் நம்பிக்கை தந்த ஆறுதலை அது பறித்தது. அப்படியானால் அந்த ஆறுதலும் மூளையே சுரக்கும் அபினி போன்ற வேதிப்பொருளின் வழியே வந்திருக்க வேண்டும்.

மனத்தின் ஆறுதலும் மூளையின் வேதிநிகழ்ச்சியும் சேர்ந்து நடப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடுமா என்று கேட்பார்கள். ஆகாதுதான். எதிர்பார்ப்பு தனியே மனத்தில் இருந்துகொண்டு, மூளையின் வேதிப்பொருளை ஏவிவிடுகிறது என்றும் வாதிடலாம். அப்படியானால் அந்த ஏவல் மூளையில் எங்கே நுழைகிறது என்று காட்ட வேண்டும். நரம்பணுக்களின் இயக்கத்தில் பௌதிகக் காரணம் அறுந்து, வேறொன்று கைகொடுக்கும் இடம் எதுவும் இதுவரை அகப்படவில்லை. ஸ்மார்ட் சிக்கனத்தை வற்புறுத்தியதும் இதற்காகத்தான்: வேலையற்ற ஒன்றை ஏன் கணக்கில் சேர்க்க வேண்டும்? இன்னொரு தடை, எதிர்பாராமல், சோதனைக்கூடத்திலிருந்தே வந்தது. 1999-இல் அமான்சியோவும் பெனடெட்டியும் அபினி வகை சாராத வலிநிவாரணியான கீட்டோரோலாக்கைக் கொடுத்துப் பழக்கி, பிறகு மருந்துப்போலியால் ஏற்படுத்திய ஆறுதலை நலாக்சோன் தடுக்கவில்லை. ஆக, ஆறுதலுக்கு வேதிவழி ஒன்றல்ல. மூளை அமைப்பே வேறான ஆக்டோபஸுக்கும் வலிக்கலாமே என்று மெய்யியலாளர் பட்னம் எழுப்பிய ஆட்சேபம் மனிதருக்குள்ளேயே வந்துவிட்டதாகத் தோன்றலாம். வழிகள் இரண்டானாலும் போய்ச்சேரும் நிலை ஒன்றாக இருக்கலாம். ஒன்றல்ல என்றே வைத்தாலும் கொள்கை சாய்ந்துவிடாது. வாயுவின் வெப்பநிலை மூலக்கூறுகளின் சராசரி இயக்க ஆற்றல். வெற்றிடத்துக் கதிர்வீச்சின் வெப்பநிலை அதுவல்ல. அதற்காக வெப்பநிலை பௌதிகத்துக்கு அப்பாற்பட்டது என்று யாரும் சொல்வதில்லை. மனிதரின் வலி இது, ஆக்டோபஸின் வலி வேறு என்று உரிமைகோரலைச் சுருக்கிக்கொண்டால் போதும்.

நரம்பின் துடிப்பு ஏன் *இப்படி* வலிக்க வேண்டும் என்பது மிஞ்சுகிறது. விளக்கத்தில் உள்ள அந்த இடைவெளிக்கு 1983-இல் பெயர் சூட்டியவரும் ஒரு லெவீன்தான் – மெய்யியலாளர் ஜோசப். பல் சோதனைக்காரரோடு பெயரளவு ஒற்றுமைதான். இடைவெளி நம் அறிவில் இருப்பது, உலகில் பிளவு இருப்பதற்குச் சான்றல்ல என்று அவரே கருதினார். அவரை அந்த இடத்துக்குத் தள்ளிய சால் கிரிப்கி அவ்வளவு எளிதில் விடுபவர் அல்ல. மின்னல்போலத் தோன்றுவது மின்னலாக இல்லாமல் போகலாம். வலிபோலத் தோன்றுவது வலியாகவே இருக்கும் என்றார், 1970-இல் பிரின்ஸ்டன் உரைகளில். அடுத்த வாரம் அவர்.