வால் போன லவ் பேர்ட்ஸ்!

மொட்டை மாடியில் பெரிய கூண்டுக்குள் மண்பானை கட்டி லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறேன். "அக்கா, அந்த நீலக் குருவியைப் பறவைக் கண்காட்சிக்குக் கொண்டு போங்களேன்" என்று பக்கத்து வீட்டுப் பெண் சொல்லவும், எனக்கும் ஆசை வந்துவிட்டது. அன்று காலையில்தான் பிடித்துச் சின்னக் கூண்டில் போட்டேன். அதுதான் தப்பு! கம்பியில் மோதி மோதி, போய்ச் சேருவதற்குள் வால் இறகெல்லாம் போச்சு. மூலையில் ஒடுங்கிக் கிடந்ததை நடுவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அங்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். குச்சியில் நிமிர்ந்து, பயமில்லாமல் நிற்கிற பறவைக்குத்தான் மதிப்பாம். ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் கொஞ்ச நேரம் சின்னக் கூண்டில் விட்டுப் பழக்கணும். அகலமான தலை, தொண்டையில் ஆறு கரும்புள்ளி எல்லாம் பார்ப்பார்களாம். (இங்கிலாந்தில் இதற்கென்றே 1925-லிருந்து சங்கம் இருக்கிறது!) வருடம் பொறித்த கால் வளையத்தைக் குஞ்சு பொரித்த ஏழெட்டு நாளிலேயே மாட்டிவிட வேண்டும். அப்புறம் பாதம் பெருத்துவிடும், நுழையாது.

"நம்ம பச்சைக்கிளியைக் கொண்டு போனா என்ன?" என்றார் மாமியார். 1972-ஆம் வருட வனவிலங்குச் சட்டப்படி நம் ஊர்க் கிளியை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். லவ் பேர்ட்ஸ் ஆஸ்திரேலியப் பறவை, அதற்குத் தடையில்லை.

நீலக் குருவிக்கு வால் முளைத்துவிட்டது. அதன் குஞ்சு ஒன்றுக்கு வளையம் போட்டு, சமையலறை ஜன்னலோரம் சின்னக் கூண்டில் பழக்குகிறேன். இப்போது குக்கர் விசில் அடித்தால்கூட அசையாமல் தினை கொறிக்கிறது.

- ஒரு வாசகி, பாலக்கரை, திருச்சி.