நாட்பட்ட நோயில் சினமும் ஏற்பும்
ஏற்பு என்பது, நாட்பட்ட நோய் உடன் இருக்கும் என்பதை உணர்ந்து அதற்கேற்ப வாழ்வை அமைத்துக்கொள்வதாகும். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் மறுப்பு, சினம், பேரம், சோர்வு, ஏற்பு என ஐந்து நிலைகளை விளக்கினார். அவை இறக்கும் தறுவாயில் இருந்த நோயாளிகளைக் கண்டு வகுக்கப்பட்டவை. நீரிழிவு போன்ற வாழ்நாள் நோயில் இந்த வரிசை அமைவதில்லை. அடங்கிய சினமும் மீண்டும் எழும்.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் பலர் ஷிப்ட் முறையில் வேலை செய்கின்றனர். ஷிப்ட் மாறும்போது உணவு, உறக்கம், மருந்து வேளைகளும் மாறுகின்றன. "எனக்கு மட்டும் ஏன்?" என்ற சினத்தில் மாத்திரையை நிறுத்தினால் சர்க்கரை அளவு உயரும், அதனால் வரும் களைப்பு எரிச்சலைக் கூட்டும்.

இரவு ஷிப்டுக்கேற்ற மருந்து நேரத்தை மருத்துவரிடம் கேட்டு அமைத்துக்கொள்வதும் ஏற்பே. மனச்சுமை மிகுந்தால் டெலி-மானஸ் உதவி எண் 14416-ஐ இலவசமாக அழைக்கலாம். சினம் வருவது தோல்வியன்று; சினம் வந்த நாளிலும் மருந்தை விடாதிருப்பதே ஏற்பின் அடையாளம்.