கண்டி: அன்று விடவில்லை, இன்று நிற்பதில்லை

கண்டிக்குப் போவது ஒரு காலத்தில் கடினம். போன அந்நியர் திரும்பி வருவது அதைவிடக் கடினம். 1660இல் பிடிபட்ட ஆங்கிலேய மாலுமி ராபர்ட் நொக்ஸ், இரண்டாம் இராஜசிங்கன் காலத்தில் கண்டி இராச்சியத்துக்குள்ளேயே பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் கிடந்து, 1679இல்தான் தப்பினார். அவரை யாரும் விலங்கிட்டுப் பூட்டி வைக்கவில்லை. கிராமத்தில் தங்கி, தொப்பி பின்னி விற்றுப் பிழைத்தார். மலையும் காடும்தான் காவல். ஒற்றையடிப் பாதைகளில் முள் அடைத்த வாயில்கள் இருந்தன. கடப்பதற்குக் களிமண்ணில் பதித்த முத்திரை வேண்டும்.

நல்ல பாதை போடாததே கண்டியின் பாதுகாப்பு. போர்த்துக்கேயர் பலமுறை படையெடுத்துத் தோற்றார்கள். 1803இல் நகருக்குள் புகுந்த ஆங்கிலேயப் படை அழிந்தது. 1815இல் பிரதானிகள் சிலரின் துணையோடுதான் ஆங்கிலேயருக்கு ஊர் வசப்பட்டது. நாயக்கர் வழிவந்த கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான்.

ஆட்சி கைக்கு வந்ததும் ஆங்கிலேயர் பாதை போட்டார்கள். கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்து வீதி ஏறியது. அதை வகுத்த கப்டன் டோசனின் நினைவுக் கோபுரம் இன்றும் அங்கே நிற்கிறது. 1867இல் ரயிலும் வந்தது. அது உல்லாசப் பயணிகளுக்காக வந்ததல்ல. தோட்டத்துக் கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்க வந்தது.

இன்று ரயில் சீராக ஓடும் நாளில் கொழும்பு கோட்டையில் ஏறினால் சுமார் மூன்று மணி நேரத்தில் கண்டி. வழி சுருங்கியதும் தங்கலும் சுருங்கிவிட்டது. காலையில் பின்னவலை யானை, மதியம் பேராதனை, மாலையில் நடனம், தலதா மாளிகையில் அரை மணி, மறுநாள் விடியவே நுவரெலியா என்று வேன்கள் பறக்கின்றன. அந்நியரைப் பத்தொன்பது ஆண்டு பிடித்து வைத்த ஊரில் இப்போது ஒரு முழுநாள் நிற்க ஆளில்லை.

வார இறுதியை நிதானமாகக் கழிக்க நினைப்பவர் வெள்ளி இரவே போய்ச் சேரட்டும். சனி காலையில் வாவியைச் சுற்றி நடக்கலாம். மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், பாதையும் சமதரை. அந்த வாவி வயலாக இருந்த இடம். 1807 அளவில் அந்தக் கடைசி அரசன் குடிமக்களின் கட்டாய உழைப்பால் வெட்டுவித்தது. அன்று மண் சுமந்தவர்கள் அரசனை வெறுத்தார்கள். இன்று அதே கரையில் காற்று வாங்குகிறோம்.

தலதா மாளிகைக்கு எதிரே உள்ள பத்தினி தேவாலயத்தைப் பலர் பார்க்காமலே போகிறார்கள். நம் கண்ணகிதான் அங்கே பத்தினி தெய்வம். மாலை ஆறரைப் பூசைக்குத் தலதா மாளிகைக்குப் போகலாம். தோளும் முழங்காலும் மறைந்த உடை வேண்டும். ஞாயிறு முழுவதையும் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குக் கொடுத்துவிடலாம். சுமார் 147 ஏக்கர் பரப்பை இரண்டு மணி நேரத்தில் ஓடிப் பார்ப்பது வீண். கால் இன்னும் தெம்பாக இருந்தால் மாளிகைக்குப் பின்னால் உடவத்தகலை காடு இருக்கிறது. ஒரு காலத்தில் அரச குடும்பத்துக்கு மட்டும் திறந்திருந்த காடு அது.

எசலப் பெரஹரா நடக்கும் ஆடி, ஆவணி நாட்களில் அறையும் கிடைக்காது, நிதானமும் கிடைக்காது. 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டு ரயில் பாதைகளைக் குலைத்தது. ஆகவே ரயில் ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.

பட்டியலில் பாதியை அடித்துவிட்டுப் போங்கள். இரண்டு இரவாவது தங்காதவர் கண்டியைக் கடந்து போனவர்தான், பார்த்தவர் அல்ல.