புதிய விழியும் பழைய வில்லையும்

கண்தானம் என்றதும் இலங்கையின் பெயர் உலகெங்கும் நினைக்கப்படுகின்றது. டாக்டர் ஹட்சன் சில்வா 1961 ஆம் ஆண்டில் நிறுவிய கண்தானச் சங்கம், 1964 இல் சிங்கப்பூருக்குக் கண்களை அனுப்பியது; பின்னர் பல நாடுகளிலும் இருண்ட விழிகளுக்கு ஒளியூட்டியது. ஆயினும், தானமாகப் பெற்ற விழிவெண்படலத்தைப் பொருத்தியதோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. சில காலஞ் சென்றபின் அதே கண்ணிற் புரை படர்ந்து, பார்வை மீண்டும் மங்குவதுண்டு. அஃது ஏன்?

விழிவெண்படலம் கண்ணின் முகப்பிலுள்ள கண்ணாடி யன்னலை ஒத்தது. ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் தடிப்புடையது. கண்மணிக்குப் பின்னால் இருப்பது வில்லை. யன்னல் புதியதாயினும் வில்லை பழையதே. முதுமையால் அது மங்கலாம். சத்திரசிகிச்சையின் தாக்கத்தாலும் அழற்சியாலும் மங்கலாம். மற்றொரு முக்கிய காரணம் மருந்தேயாகும்.

பிறருடைய இழையத்தை நமது உடல் அந்நியமெனக் கருதி எதிர்க்க முயல்கின்றது. அவ்வெதிர்ப்பை அடக்கவே ஸ்டீரோயிட் துளிமருந்து மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், இடப்படுகின்றது. நெடுங்காலம் இட்டால் அம்மருந்தே வில்லையின் பின்புறத்தில் புரையை உண்டாக்கக்கூடும். அப்பொழுது வாசிப்பது கடினமாகும். எதிரே வரும் வாகனத்தின் விளக்கொளி கண்ணைக் கூசச் செய்யும். இதற்கஞ்சி மருந்தைத் தாமாகவே நிறுத்துதல் பெரும் பேதைமை. புரையை அகற்றிவிடலாம், படலம் கெட்டாலோ இன்னொருவரின் கொடைக்குக் காத்திருக்க வேண்டும்.

புரையை அகற்றுவதிலும் தனிக் கவனம் வேண்டும். விழிவெண்படலத்தின் உட்புறத்தே ஒற்றை வரிசையாய் அமைந்த கலங்கள், அதில் ஊறும் நீரை இடைவிடாது வெளியேற்றி அதனைத் தெளிவாக வைத்திருக்கின்றன. அவை இறந்தால் அவற்றின் இடத்தில் புதியவை பிறப்பதில்லை. புரைச் சத்திரசிகிச்சை அவற்றுட் சிலவற்றை அழித்துவிடும். ஆகையால் வைத்தியர் முதலில் அக்கலங்களின் தொகையை அளவிடுவார். சிகிச்சையின்போது பசைபோன்ற ஒரு திரவத்தால் அவற்றைக் காப்பார். புரைபட்ட வில்லைக்குப் பதிலாகச் செயற்கை வில்லை வைக்கும் முறையை 1949 இல் இலண்டனில் ஹரல்ட் ரிட்லி தொடக்கிவைத்தார். அவ்வில்லையின் வலுவைக் கணிப்பதற்குப் படலத்தின் வளைவு தெரிதல் வேண்டும். எனவே, பெரும்பாலும் தையல்கள் நீக்கப்பட்டு வளைவு நிலைபெறும்வரை பொறுத்திருப்பர். தொடக்கத்திலேயே இரு குறைகளும் இருப்பின், ஒரே வேளையில் இரண்டையும் சீர்செய்வதும் உண்டு.

மாற்றுப்படலம் பெற்றவர்கள், கண் சிவத்தல், ஒளியில் கூசுதல், பார்வை மங்குதல், நோதல் ஆகியவற்றுள் எது தோன்றினும் அன்றே வைத்தியரை நாடுதல் வேண்டும். விழியை ஈந்தவர் மறைந்துவிட்டார். அவர் ஈந்ததைப் பேணிக் காப்பது பெற்றவரின் கடமையன்றோ?